விரல் விழுந்த படங்கள்

அன்புள்ள சார்,

பேரன் பிறந்ததிலிருந்து கைப்பேசியில் நிறையப் படம் எடுக்கிறேன். ஒன்றும் ஒழுங்காக வருவதில்லை. கை ஆடிவிடுகிறது, தலை வெட்டுப்படுகிறது, ஓரத்தில் என் விரல் விழுந்துவிடுகிறது. மகன் சிரித்துக்கொண்டே அழித்துவிடுகிறான். நல்ல கேமரா வாங்கி முறையாகக் கற்றுக்கொள்ளலாமா? இல்லை, இந்த வயதில் இது வேண்டாத வேலையா?

ம., ஈரோடு

அன்புள்ள ம.,

கேமரா, வகுப்பு எல்லாம் உங்கள் இஷ்டம். ‘இந்த வயதில்’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வந்தது. புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரன் கைக்கு 1863-ல் முதல் கேமரா வந்தபோது அவருக்கு 48 வயது, மகளும் மருமகனும் கொடுத்தது. கொல்கத்தாவில் பிறந்து இலங்கையில் இறந்த அந்த அம்மாள், இங்கிலாந்து வீட்டில் கோழிக்கூண்டை ஸ்டுடியோவாக்கி, கண்ணாடித் தகட்டில் தானே ரசாயனம் பூசிப் படம் எடுத்தார். தெளிவில்லாத முகம், விரல் ரேகை, கீறல் எல்லாவற்றோடும் அச்சிட்டார். அன்றைய புகைப்படப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அந்தப் படங்களைத்தான் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் வைத்துப் பாதுகாக்கிறார்கள்.

சரி, அதை விடுங்கள். என்னைப் பிடித்துக்கொண்டது உங்கள் விரல். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு இதையேதான் யோசிக்கிறேன். அப்பாவிடம் ஆக்ஃபா கிளிக் 3 என்ற ஃபிலிம் கேமரா இருந்தது. ரோலுக்கு 12 படம், நல்ல வெயில் வேண்டும், சூரியன் எடுப்பவரின் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அப்பா இந்த விதியை வேதமாகப் பிடித்துக்கொண்டு, காலை வெயிலில் எங்களை வாசலில் நிறுத்துவார், நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்போம். அதனால் பாதிப் படங்களில் எங்கள் காலடி வரை ஒரு நீள நிழல் வந்து கிடக்கிறது, இரண்டு முழங்கையும் காது மாதிரி வெளியே துருத்திக்கொண்டு. அந்த ஆல்பம் முழுக்க அப்பா இருப்பது அப்படி மட்டும்தான். ஸ்கேன் செய்யக் கொடுத்த கடையில் ஒரு பையன், உபகாரம் செய்வதாக நினைத்து, நிழலையெல்லாம் வெட்டிச் சுத்தமாக்கிக் கொடுத்தான். சண்டை போட்டுத் திரும்ப ஸ்கேன் செய்ய வைத்தேன்.

உங்கள் மகன் செய்வதும் அதேதான். எடுக்கிறவர் படத்தில் இருக்க முடியாது. பேரன் வளர்ந்து பார்க்கும்போது, இதைப் பாட்டிதான் எடுத்தாள் என்பதற்கு அந்த விரலை விட்டால் வேறு என்ன சாட்சி இருக்கும்? நீங்களும் லேசுப்பட்டவரில்லை. எடுத்த கையோடு மகனிடம் நீட்டி ‘நல்லா இருக்கா’ என்று கேட்கிறீர்கள், இல்லையா? அதை முதலில் நிறுத்துங்கள். குழந்தை சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள், கை ஆடியது. இதில் மார்க் போட அவன் யார்?

அழித்த படங்கள் கைப்பேசியின் குப்பைப் பகுதியில் சில நாட்கள் இருக்கும், இன்றைக்கே மீட்டெடுங்கள். அப்புறம் நான்கைந்தையாவது பிரிண்ட் போட்டு, பின்பக்கம் ஊரும் தேதியும் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தாதீர்கள், முன்பக்கம் முகத்தில் கோடு விழும்.