ஆடிக் காற்றில் ஸ்டண்ட் பட்டம்: கேள்வி பதில்

இரட்டை நூல் ஸ்டண்ட் பட்டம் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. பேச்செல்லாம் ஃப்ரீஸ்டைல் வகையைப் பற்றித்தான்: ஏழரை எட்டடி இறக்கை, கார்பன் குச்சிகள், முந்நூறு கிராமுக்கு முன்பின் எடை, கைக்கு ஒன்றாக இரண்டு நூல். காற்றில் நின்று, மல்லாந்து, புரண்டு, சுழல்வதற்கென்றே செய்த பட்டம். மாஞ்சா போட்டு அறுக்கும் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி (பல்லடம்): ஏனுங்க, ஆனி ஆடியில எங்க ஊர்ல காத்து சும்மா விடறதில்லைங்க. மத்தியானம் பட்டத்தை ஏத்துனா ஆளையே இழுத்துட்டுப் போகுது. இந்தக் காத்துல விடவே முடியாதுங்களா?

பதில்: விடலாம், ஆனால் கையில் இருக்கும் பட்டத்தை வைத்து அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று அது. உங்கள் பக்கம் இத்தனை காற்றாலைகள் நிற்பதே அதற்காகத்தான். காற்றின் வேகம் இரட்டிப்பானால் இழுவை நான்கு மடங்காகும். மணிக்கு 15 கி.மீ. காற்றில் இரண்டு விரலில் நிற்கும் பட்டம் 30 கி.மீ.யில் தோளைப் பிடுங்குவது அதனால்தான்.

சாதாரண எடைப் பட்டம் மணிக்கு 8 முதல் 25 கி.மீ. வரை ஒழுங்காக ஆடும். அதற்கு மேல் 'வெண்டட்' வகை வேண்டும். துணியின் ஒரு பகுதியில் வலை வைத்துத் தைத்திருப்பார்கள், காற்று அதன் வழியே வடிந்துவிடும். அதை வாங்கும்வரை செய்யக்கூடியவை இவை: நூலை 40 கிலோ தாங்குவதிலிருந்து 70 கிலோ தாங்குவதற்கு மாற்றுங்கள். தடித்த நூலில் காற்று உரசல் கூடுவதால் பட்டத்தின் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும். சூத்திர முடிச்சை, அதாவது பட்டத்தில் கட்டிய சூத்திரக் கயிற்றில் நூலை மாட்டும் முடிச்சை, மூக்குப் பக்கம் 3 மி.மீ. ஏற்றுங்கள், இழுவை குறையும். பட்டத்தை நடுவானத்தில் வைக்காமல் ஓரங்களிலேயே ஓட்டுங்கள். எல்லாவற்றையும்விட லேசான வழி, காலை ஏழு மணிக்கே போய்விடுவது. வெயில் ஏறி நிலம் சூடான பிறகுதான் காற்றுக்கு வெறி பிடிக்கிறது.

கேள்வி (பொள்ளாச்சி): தோப்புக்குப் பக்கத்துல காலி நிலம் இருக்குங்க. காத்து நல்லாத்தான் முகத்துல அடிக்குது. ஆனா பட்டம் திடீர்னு செத்த மாதிரி விழுகுது, அடுத்த நிமிஷம் வெடுக்குனு இழுக்குது. பட்டத்துல கோளாறுங்களா?

பதில்: கோளாறு தோப்பில். மரத்தின் மேல் ஏறி இறங்கும் காற்று, அதன் மறைவில் சுருள் சுருளாகப் புரள்கிறது. தடையின் உயரத்தைப் போலக் குறைந்தது பத்து மடங்கு தூரம் தள்ளி நிற்க வேண்டும். அறுபதடித் தென்னை என்றால் அறுநூறு அடி. அந்த இடம் கிடைக்காவிட்டால் நிலத்தின் மறுகோடிக்குப் போய், தோப்பு உங்கள் முகத்துக்கு எதிரே, பட்டத்துக்கும் அப்பால் இருக்கும்படி நில்லுங்கள். அங்கேயும் மரத்துக்கு மிக நெருங்கினால் காற்று தடுமாறும், ஆனாலும் பின்னால் தோப்பு இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

பழகும் ஆட்களுக்கு இந்தப் புரளும் காற்றுதான் முதல் எதிரி. கை செய்த தவறு எது, காற்று செய்த தவறு எது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

கேள்வி (காங்கேயம்): கொரங்காடு ஆகுங்களா?

பதில்: ஆகும். மாடு மேயும் அந்த மேய்ச்சல் நிலத்தைவிட நல்ல இடம் கொங்கு நாட்டில் ஏரித்தரைதான், அதுவும் வறண்டிருந்தால். கொரங்காட்டில் புல் இருப்பதால் பட்டம் குத்தினாலும் குச்சி தப்பும். ஆனால் அங்கங்கே நிற்கும் வெள்வேல மரங்களையும் சுற்றியுள்ள கிளுவை வேலியையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். வேலியில் விழுந்த பட்டத்தை நூலைப் பிடித்து இழுத்தால் துணி நீளத்துக்குக் கிழியும். நூலைக் கழற்றிவிட்டு, கிளையை விலக்கி எடுக்க வேண்டும். 25 மீட்டர் நூல் என்றால், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து காற்று போகும் திசையில் 30 மீட்டர், இரு பக்கமும் அதே அளவு காலியாக இருக்க வேண்டும். ஆளோ மாடோ அதற்குள் வரக்கூடாது. வேகத்தில் வரும் நூல் தோலை அறுக்கும். துணியின் இரைச்சலுக்குக் கன்று மிரளும், மயில்கள் கத்திக்கொண்டு ஓடும்.

நெருஞ்சி முள்ளைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். சூத்திரக் கயிற்றில் ஒரு முள் ஒட்டினால் கயிறு அந்த இடத்தில் மடங்கி மாட்டிக்கொள்ளும், பட்டம் ஒருபக்கமாகவே திரும்பும். ஏற்றும் முன் மூன்று கால் கயிறுகளையும் விரலில் உருவிப் பாருங்கள்.

கேள்வி (ஈரோடு): ரெண்டு கையையும் சமமாத்தான் வைக்கிறேன், பட்டம் இடப்பக்கமே போகுதுங்க.

பதில்: சோதனை எளிது. பட்டத்தில் இடது நூலையும் வலது நூலையும் கழற்றி மாற்றி மாட்டுங்கள். இப்போது வலப்பக்கம் போனால் நூல் குற்றம்: ஒன்று குட்டை. பட்டம் குட்டை நூல் பக்கம்தான் திரும்பும். மாற்றிய பிறகும் இடப்பக்கமே போனால் குற்றம் பட்டத்தில். சூத்திர முடிச்சுகள் இரண்டும் ஒரே உயரத்தில் இல்லை, அல்லது கீழ்க் குறுக்குக்குச்சி நடு இணைப்பில் முழுதாக உட்காரவில்லை, அல்லது துணியைப் பின்னால் தள்ளி நிறுத்தும் ஸ்டாண்ட்ஆஃப் குச்சி ஒன்று கழன்றிருக்கிறது. மாற்றியதும் வலப்பக்கம் போய், நூல் இரண்டும் சமமாகவே இருந்தால் உங்கள் பழகிய கை முன்னால் நிற்கிறது என்று பொருள்.

நூலைச் சமன் செய்ய: இரண்டு முனைகளையும் ஒரே ஆணியில் மாட்டி, மறுமுனையில் கைப்பட்டையைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். புது நூல் முதல் சில நாட்களில் கொஞ்சம் நீளும், அது இரண்டிலும் ஒன்றுபோல் நீளாது. 25 மீட்டரில் இரண்டு செ.மீ. வித்தியாசமே கையில் தெரியும். நீண்டிருக்கும் நூலின் முனை உறைக்குள் முடிச்சை நகர்த்திச் சரிசெய்யுங்கள்.

கேள்வி (கரூர்): டைனீமா நூல் விலை ஜாஸ்தியா இருக்குதுங்க. மீன்புடி நைலான் போட்டா என்ன?

பதில்: ஏறும், பறக்கும், வித்தை ஒன்றும் வராது. நைலான் ரப்பரைப் போல நீளும். நீங்கள் கையில் கொடுக்கும் சுண்டு இழுப்பு பாதி வழியிலேயே தின்னப்பட்டு, பட்டத்துக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். இதில் கால் வினாடி பிந்தினாலும் வித்தை கெடும். இன்னொன்று, ஸ்டண்ட் பட்டத்துக்கான நீளாத செயற்கை இழை நூலான டைனீமா வழுக்கும். ஐந்தாறு முறுக்கு விழுந்தாலும் நூல் மேல் நூல் வழுக்கிப் பட்டம் பேச்சுக் கேட்கும். நைலானில் இரண்டு முறுக்கிலேயே பூட்டிக்கொள்ளும்.

டைனீமாவின் குறை சூடு. ஏறத்தாழ 145 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். இது அசையாமல் நிற்க, வேறொரு நூல் இதன்மேல் ஒரே இடத்தில் உரசி ஓடினால் நொடியில் அறுந்துபோகும். வெறும் நூலில் முடிச்சுப் போடாதீர்கள், அந்த இடத்தில் வலு பெரிதும் குறையும். முனையில் உறை போட்டு, உறையோடு சேர்த்து முடியுங்கள். சுருட்டும்போது எட்டு வடிவில் சுருட்டினால் முறுக்கு ஏறாது.

கேள்வி (உடுமலை): அண்ணா, ஆக்சல் வரவே மாட்டேங்குது. கைய வெட்டி இழுத்தா பட்டம் சும்மா அந்தப் பக்கம் திரும்பிப் போயிருது.

பதில்: தம்பி, வெட்டி இழுக்கிறீர்கள், அதுதான் சிக்கல். நூல் விறைப்பாக இருக்கும்வரை எந்த இழுப்பும் திருப்பம்தான், வித்தை ஆகாது. ஆக்சல் என்பது பட்டம் படுத்தபடி ஒரு முழுச் சுற்று சுற்றும் வித்தை, அதற்கு முதலில் பட்டம் நிற்க வேண்டும்.

இடமிருந்து வலமாக, ஆள் உயரத்துக்கு மேல் இரண்டு மடங்கில் படுக்கையாக ஓட்டுங்கள். இடது இறக்கை இப்போது மேலே இருக்கிறது. இடது கையைச் சுருக்கென்று அரை அடி இழுங்கள், மூக்கு வானத்தைப் பார்க்கும். அந்த நொடியே இரண்டு கைகளையும் சமமாக்கி முன்னால் நீட்டி, ஓரடி எடுத்து வையுங்கள். துணியின் இரைச்சல் நின்றுவிடும். அந்த அமைதிதான் ஸ்டால். இது பத்துக்கு எட்டு முறை வராமல் மேலே போக வேண்டாம்.

ஸ்டாலில் பட்டம் லேசாகச் சரியத் தொடங்கும். இப்போது இரண்டு நூலும் தொங்கலாக இருக்கும்படி கைகளை இன்னும் முன்னால் கொடுத்து, ஒரு கையை மட்டும் மணிக்கட்டால் சுண்டி, சுண்டிய அதே வேகத்தில் இரண்டு கைகளையும் பட்டத்தை நோக்கி நீட்டிவிடுங்கள். பட்டம் வயிறு கீழாகப் படுத்து ஒரு முழுச் சுற்று சுற்றும். மூக்கு திரும்ப வரும்போது மெதுவாக நூலை எடுங்கள்.

தப்புகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சுற்றாமல் வெறுமனே திரும்பிப் போனால் சுண்டும்போது மற்ற கை நூல் விறைப்பாக இருந்தது. பாதி சுற்றி நின்றுவிட்டால் நூலைச் சீக்கிரம் திரும்ப எடுத்துவிட்டீர்கள். இறக்கை நுனியில் நூல் சுற்றிக்கொண்டால் சுண்டல் பலமாகிவிட்டது, அல்லது நுனிக் காதில் நூல் மாட்ட இடம் இருக்கிறது. அங்கே மெல்லிய நாடா ஒட்டி மூடுங்கள். இந்தப் பட்டத்தை ஆட்டுவிப்பது இழுக்கும் கையைவிட விட்டுக்கொடுக்கும் கைதான். மாஞ்சா விடுகிறவர்கள் டீல் விடுவது என்பார்களே, அதையே அரை வினாடிக்குள் செய்வது.

கேள்வி (திருப்பூர்): ஃபேடு, டர்ட்டில் ரெண்டும் மல்லாக்கப் படுக்கறதுதானே? என்ன வித்தியாசம்? யோ-யோவுக்கு எடை கட்டணும்ங்கறாங்களே?

பதில்: மல்லாந்து படுத்து மூக்கு உங்களைப் பார்த்தால் ஃபேடு, அப்பால் பார்த்தால் டர்ட்டில்.

டர்ட்டில் சுலபம். மேல்நோக்கிப் போகும் பட்டத்தை ஸ்டாலில் நிறுத்தி, இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு வெட்டு வெட்டி, உடனே முன்னால் ஓடிக் கொடுங்கள். மூக்கு பின்னால் சாயும். ஃபேடுக்குப் பட்டத்தை நடுவில் நேர்கீழாகப் பாயவிட்டு, ஒரு கையால் ஒரு இழுப்பு, மூக்கு புரளத் தொடங்கியதும் மறு கையால் ஒரு இழுப்பு, பிறகு இரண்டும் தளர்வு. இரண்டு இழுப்புக்கும் இடையே உள்ள தாளம் பட்டத்துக்குப் பட்டம் மாறும். படுத்த பிறகு இரு நூலிலும் மெல்லிய, சமமான இழுவை வேண்டும். அதிகமானால் புரண்டு வெளியே வரும், குறைந்தால் மூக்கு கவிழும்.

யோ-யோ என்பது டர்ட்டிலிலிருந்து மூக்கு கீழே விழும் நேரம் பார்த்து இழுத்து, பட்டத்தை அதன் நூலிலேயே சுருட்டிக்கொள்ளச் செய்வது. நடுத்தண்டின் வால்முனையில் 10 முதல் 20 கிராம் பித்தளை எடை போட்டால் புரள்வது ஆழமாகவும் நிதானமாகவும் நடக்கும். முன்விளிம்பில் யோ-யோ தடுப்பான்கள் கட்டாயம். அவை இல்லாவிட்டால் சுருண்ட நூல் வழுக்கிப் பட்டம் கோணலாகிவிடும். எடைக்குக் கொடுக்கும் விலையும் உண்டு: மென்காற்றில் பட்டம் சோம்பும், திருப்பத்தில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிச் சுற்றும். மார்கழிக் காலையில் கழற்றிவிடுங்கள்.

கேள்வி (கோபி): சூத்திர முடிச்சை ஏத்தறது இறக்கறது எப்ப, எவ்வளவு?

பதில்: மூக்குப் பக்கம் ஏற்றினால் சட்டென்று ஏறும், வேகமாகப் போகும், அகலமாகத் திரும்பும், இழுவை குறையும். வால் பக்கம் இறக்கினால் இழுவை கூடும், திருப்பம் கூர்மையாகும், ஸ்டால் சுலபமாக வரும், ஆனால் மென்காற்றில் ஏறவே தயங்கும். ஒரு தடவைக்கு 3 மி.மீ. போதும், இரண்டு பக்கமும் ஒன்றாக. ஆரம்ப இடத்தைப் பேனாவில் குறித்து வையுங்கள். துணி 'பர்ர்' என்று கத்துவது இதனால் அல்ல, பின்விளிம்பு நூல் தளர்ந்ததால். சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் விளிம்பு சுருண்டு பட்டம் மந்தமாகும்.

கேள்வி (நாமக்கல்): தரையில குத்தி முன்விளிம்புக் குச்சி ஒடஞ்சிருச்சு. ஒட்டிக்கலாங்களா?

பதில்: மாற்றுவதே நல்லது. அதே விட்டம், அதே வகைக் குச்சி வாங்குங்கள். ஒரு பக்கம் விறைப்பும் மறுபக்கம் வளைவும் இருந்தால் ஈரோட்டுக்காரர் கதைதான். வெட்டும் இடத்தில் காகித நாடா சுற்றி, தண்ணீர் தொட்டு, பொடிப் பல் ரம்பத்தால் மெதுவாக அறுங்கள். கார்பன் தூசி மூச்சுக்கு ஆகாது, சிலும்பு விரலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. வெட்டிய முனையில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் பிளக்காது.

அடுத்த முறை, குத்தப்போகிறது என்று தெரிந்த நொடி இழுக்காதீர்கள். கைகளை நீட்டிக்கொண்டு பட்டத்தை நோக்கி ஓடுங்கள். வேகம் நன்றாகக் குறைந்துவிடும்.

கேள்வி (சூலூர்): எங்க ஊர்ல விடலாங்களா?

பதில்: விமானப்படைத் தளத்துப் பக்கம் வேண்டவே வேண்டாம். பீளமேடு விமான நிலையச் சுற்றுவட்டாரமும் அப்படித்தான். நம் நாட்டின் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் பட்டத்தையும் விமானம் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்த்திருந்தது, விளையாட்டுச் சாமான் என்று வாதாட முடியாது.

மின்கம்பி இன்னும் ஆபத்து. கார்பன் குச்சி மின்சாரத்தைக் கடத்தும், ஈர நூலும் கடத்தும். உங்கள் நூல் எட்டும் தூரத்தில் கம்பி இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மாட்டிக்கொண்டால் கைப்பட்டையை விட்டுவிட்டு விலகி, மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். காற்றாலைக்குப் பின்புறம் காற்று வெகுதூரத்துக்குக் கலங்கியே வரும், அங்கே நின்று பழகுவதில் பிரயோசனம் இல்லை.

கேள்வி (தாராபுரம்): முதல் பட்டம் வாங்கறதுக்கு எதைப் பார்க்கோணும்?

பதில்: ஆறடிக்குக் குறைந்தது வேண்டாம், படபடவென்று வேகமாகப் போய்க் கைக்கு நேரமே தராது. ரிப்ஸ்டாப் துணி (கிழிசல் பரவாத நெசவு), கார்பன் குச்சி, மாற்றக்கூடிய முடிச்சுள்ள சூத்திரம் மூன்றும் இருக்கட்டும். கண்ணாடி இழைக் குச்சி (ஃபைபர்) எளிதில் உடையாது, ஆனால் கனம், வித்தைக்கு இடம் தராது. கூடவே ஒரு கீழ்க் குறுக்குக்குச்சியும் ஒரு நடு இணைப்பும் உதிரியாக வாங்கிவிடுங்கள். தாராபுரத்துக் காற்றுக்கு முதலில் சாதாரண எடை, அடுத்து வெண்டட். மென்காற்றுக்கான அல்ட்ராலைட் மூன்றாவதாக வந்தால் போதும்.