ஒழுங்கை வெள்ளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஒழுங்கைக்குக் கொங்கிறீற் போட்ட பிறகு எங்கள் முற்றத்தில் வெள்ளம் நிற்கிறது. பிரதேச சபையிடம் கான் கட்டித்தரக் கேட்கலாமா? (கிளிநொச்சி)

கேளுங்கள். ஆனால் சீமெந்துக் கான்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்காதீர்கள். 3 மீற்றர் அகலமும் 100 மீற்றர் நீளமும் உள்ள ஒழுங்கையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 15,000 லீற்றர் தண்ணீர். முன்பு கிரவலும் ஓரத்துப் புல்லும் அதில் ஒரு பங்கைக் குடித்தன. இப்போது கிட்டத்தட்ட அத்தனையும் பள்ளத்து வளவைத் தேடி வருகிறது. சீமெந்துக் கான் அதை இன்னும் வேகமாக அடுத்த வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான்.

ஓரத்தில் ஒன்றரை மீற்றர் இடம் இருந்தால் புல் வாய்க்கால் போதும். அடி அகலம் 30 சென்ரிமீற்றர், ஆழம் 20, இரு கரையும் நன்றாகப் படுத்த சாய்வு. பத்து மீற்றருக்கு ஒரு இடத்தில் பாதி ஆழத்துக்குக் கல் அடுக்கினால் தண்ணீர் நின்று ஊறும். அறுகம்புல்லைப் புரட்டாதியிலேயே பதித்தால் ஐப்பசி மழைக்கு வேர் பிடித்திருக்கும். புல் மட்டம் கொங்கிறீற் விளிம்பைவிட நாலு விரற்கடை தாழ்ந்தே இருக்கட்டும். மண் ஏறிவிட்டால் தண்ணீர் வாய்க்காலுக்குள் இறங்காமல் ஒழுங்கையிலேயே ஓடும்.

இதெல்லாம் கெடுவது படலையடியில்தான். நாலு அங்குலக் குழாயைப் போட்டு மேலே மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள். முதல் மழையிலேயே வேப்பஞ்சருகும் சோடாப் போத்தலும் வாயை அடைத்துவிடும். குழாயே வேண்டாம். அந்த இடத்தில் வாய்க்காலின் அடியையும் கரையையும் அதே சாய்வில் கொங்கிறீற் போடுங்கள். மோட்டார் சைக்கிளும் உழவு இயந்திரமும் இறங்கி ஏறிப் போகும்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்ததுபோன்ற வெள்ளத்தை இது தாங்காது. அதற்கு ஓடைகளையும், குளம் நிறையும்போது நீர் ஏறி நிற்கும் ஓரங்களான அலைகரைகளையும் மண் போட்டு நிரவாமல் விட வேண்டும்.

புல் வாய்க்காலில் நுளம்பு பெருகாதா? (முள்ளியவளை)

இரண்டு நாளில் வற்றினால் பெருகாது. முட்டை நுளம்பாக ஒரு வாரமாவது வேண்டும். வெட்டுமுன் ஒன்றரை அடிக் குழி தோண்டி, இரண்டு தடவை தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். இரண்டாம் தடவை நிரப்பியது மறுநாளும் அப்படியே நின்றால் அங்கே தேக்காதீர்கள். சாய்வு கொடுத்து வழியவிடுங்கள். வெடித்துச் சரிந்த சீமெந்துக் கான்களில் மாதக்கணக்காக நிற்கும் தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை!

கடை முன்றிலுக்கு இன்ரர்லொக் கல் பதித்தும் தண்ணீர் இறங்கவில்லை. (வவுனியா)

கீழே கிரவலை இறுக்கி உருட்டி, இடுக்குகளைச் சீமெந்தால் பூசியிருப்பார்கள். தண்ணீர் இறங்குவது இடுக்கு வழியாகத்தான். அதில் சிறு சல்லியும், கீழே ஓரடிக்குத் தூசில்லாத முக்கால் அங்குலக் கல்லும் வேண்டும். பாறை அதிக ஆழமில்லாமல் கிடந்தால் மிகுதிநீர் வெளியேற ஒரு குழாயும் வையுங்கள்.

வீதி வெள்ளத்தைப் பழைய கிணற்றுக்குள் திருப்பலாமா? (மாங்குளம்)

கூடாது. எண்ணெயும் மலசல கூடக் கசிவும் மண்ணில் வடியாமல் நேரே நிலத்தடி நீரில் கலக்கும். குளத்துக்குத் திருப்புவதானாலும் முதலில் ஒரு வண்டல் குழியில் தங்கவிட்டு, பிறகு புல்லின்மேல் பரவி ஓடவிடுங்கள். அந்தக் குழியை ஆண்டுதோறும் கோடையில் துப்புரவாக்க ஆள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.