டெனோ இம்போர்ட்களை ஜேஎஸ்ஆருக்கு மாற்றுவது: கேள்வி பதில்

ஜாவாஸ்கிரிப்ட், டைப்ஸ்கிரிப்ட் கோடை ஓட்டும் டெனோவில் இதுவரை டெனோ.லேண்ட் தளத்தின் முகவரியை இம்போர்ட் வரியிலேயே முழுசாக எழுதிவந்தோம். 2024 மார்ச்சில் ஜேஎஸ்ஆர் என்ற ரெஜிஸ்ட்ரி, அதாவது பேக்கேஜ்களை ஒரே இடத்தில் வைத்துத் தரும் தளம், வந்தது. இரண்டு ப்ராஜெக்டை அதற்கு மாற்றி முடித்திருக்கிறேன். கேளுங்கள்.

அண்ணா, 140 ஃபைலில் ஸ்டாண்டர்ட் லைப்ரரி 0.224.0 இருக்கிறது. ஃபைண்ட்-ரீப்ளேஸ் போதுமா?

போதாது. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன், ஒரு சனிக்கிழமை போனது. பழைய இடத்தில் மொத்த லைப்ரரிக்கும் ஒரே வெர்ஷன் எண்; 0.224.0 அங்கே கடைசி. ஜேஎஸ்ஆரில் பாத், எஃப்எஸ், அஸர்ட் எல்லாம் தனித்தனி பேக்கேஜ், தனித்தனி எண். சிலது 1.0 தாண்டிவிட்டது, சிலது இன்னும் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணை ஒட்டினால் கிடைக்காது.

அப்புறம் எச்டிடிபி சர்வரில் இருந்த, வெப் சர்வரைத் தொடங்கும் 'செர்வ்' ஃபங்ஷன். அது ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலிருந்தே போய்விட்டது. 2023இல் 1.35 வெர்ஷனில் நிலைப்பட்ட டெனோ.செர்வ்தான் அதற்கு மாற்று. பழையதில் ஹேண்ட்லர் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) முதலில், ஆப்ஷன்ஸ் பின்னால், புதியதில் தலைகீழ். பெயரை மட்டும் மாற்றி விட்டுவிடாதீர்கள்.

முதலில் வெர்ஷனைத் தொடாமல் எல்லா முகவரியையும் டெனோ.ஜேசன் என்ற அமைப்பு ஃபைலின் இம்போர்ட்ஸ் பகுதிக்குக் கொண்டுவாருங்கள். டெஸ்ட் ஓட்டுங்கள். பிறகு 'டெனோ ஆட்' போட்டு ஒவ்வொரு பேக்கேஜாக மாற்றுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கமிட். எந்த வெர்ஷன் இறங்கியது என்று குறித்துவைக்கும் லாக் ஃபைலையும் கிட்டில் ஏற்றுங்கள்.

டெனோ.லேண்டை மூடப்போகிறார்களா?

பழைய முகவரிகள் ஓடுகின்றன, டெனோ 2இலும் ஓடும். ஸ்டாண்டர்ட் லைப்ரரியின் புது வெர்ஷன்தான் அங்கே வராது.

நோட் ப்ராஜெக்டில் ஜேஎஸ்ஆர் பேக்கேஜ் சேர்த்தேன். லேப்டாப்பில் சரி, டாக்கர் பில்டில் 404.

டாக்கர்ஃபைலில் பேக்கேஜ்.ஜேசனை மட்டும் காப்பி செய்திருப்பீர்கள். ஜேஎஸ்ஆர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி .என்பிஎம்ஆர்சி ஃபைலில் இருக்கிறது. அதையும் காப்பி செய்யுங்கள். லாக் ஃபைலையும்.

2018இல் பெர்லினில், நோடையும் டெனோவையும் உருவாக்கிய ரயான் டால், நோடின் எல்லா மாட்யூலும் ஒரே மைய இடத்தில் குவிந்தது துரதிர்ஷ்டம் என்று வருத்தப்பட்டார். இப்போது மறுபடி ரெஜிஸ்ட்ரியா? சுற்றிச் சுற்றி சுப்பர் கொல்லைதானா?

அதே கொல்லைதான், மறுக்கவில்லை. ஆனால் முகவரி இம்போர்ட்டோடு வாழ்ந்து பார்த்தவன் நான். நான் ஒரு வெர்ஷன், நான் எடுத்த லைப்ரரி இன்னொரு வெர்ஷன். ஒரே பேக்கேஜ் மூன்று தடவை இறங்கும். இரண்டும் ஒத்துப்போகுமா என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வெறும் முகவரிக்குத் தெரியாது.

அண்ணா, அப்படியானால் லெஃப்ட்-பேட் கதை திரும்ப வராதா?

2016இல் 11 வரி பேக்கேஜை எழுதியவரே நீக்கினார், ஊரெல்லாம் பில்ட் உடைந்தது. ஜேஎஸ்ஆரில் போட்ட வெர்ஷனை அப்படி இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. 'யாங்க்' செய்யலாம்; புதிதாக எடுப்பவருக்கு அது தேர்வாகாது, ஏற்கெனவே லாக் செய்தவருக்கு ஓடும்.

சர்வரே விழுந்தால்?

காத்திருக்க வேண்டியதுதான். அந்தப் பயம் இருந்தால் டெனோ.ஜேசனில் வெண்டர் ஆப்ஷனைப் போட்டு பிரதியை ரெப்போவிலேயே வையுங்கள். முகவரி இம்போர்ட்டில் மட்டும் என்ன? பத்து சர்வரை நம்பினோம், எது விழுந்தாலும் பில்ட் நின்றது. இந்த விவாதத்துக்கு ராத்திரி முழுக்க நான் தயார், ஆனால் வரிசை நீள்கிறது.

என் லைப்ரரியை பப்ளிஷ் செய்தால் எரர்.

உள்ளே எச்டிடிபிஎஸ் இம்போர்ட் எங்கோ மிஞ்சியிருக்கும். ஜேஎஸ்ஆர் அதை ஏற்காது. இல்லையென்றால் எக்ஸ்போர்ட் செய்த ஃபங்ஷனில் ரிட்டர்ன் டைப் எழுதாமல் விட்டிருப்பீர்கள். 'டிரை-ரன்' போட்டால் வரி எண்ணோடு சொல்லும். டைப் எழுதாததால் வரும் இந்த 'ஸ்லோ டைப்ஸ்' எரரை ஃபிளாக் போட்டு அடக்கலாம், நான் அடக்க மாட்டேன்.

செட் கமாண்டால் எல்லா ஃபைலையும் ஒரே அடியில் மாற்றலாமா?

முதல் பதில், தம்பி.

பைதான் பேக்கேஜை உள்சர்வருக்கு மாற்ற?

என் துறை இல்லை.

டெனோ.லேண்ட் எப்போது மூடும்?

இரண்டாவது பதில்.

முதல் கேள்வி கேட்டவன்தான் அண்ணா. செர்வ் ஆர்க்யுமென்ட்டை மாற்றினேன், டெஸ்ட் பாஸ். ஆனால் சிஐயில் (தானாக பில்ட், டெஸ்ட் ஓட்டும் சர்வரில்) பாத் பேக்கேஜ் வேறு வெர்ஷன் இறங்குகிறது.

லாக் ஃபைல் கிட்டில் இருக்கிறதா?

கிட்டில் ஏற்றாதே என்று சொல்லும் கிட்இக்னோரில் இருக்கிறது.

அங்கிருந்து எடுங்கள்.