சுவரில் ஏறிய ஓதம் யார் கணக்கில்?

கேள்வி: குன்னூரில் உள்ள எங்கள் பழைய ஓட்டு வீட்டில் குடியிருந்தவர்கள் டிசம்பரில் காலி செய்தபோது, படுக்கையறைச் சுவரெங்கும் பூஞ்சை படர்ந்திருந்தது. அட்வான்ஸில் கழிக்க முயன்றால், “வரும்போதே அப்படித்தான் இருந்தது” என்கிறார்கள். எங்களிடம் இருப்பவை மார்ச் மாதப் படங்கள் மட்டுமே. இனி வீட்டின் நிலையை எப்படிப் பதிவு செய்வது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: மார்ச்சில் குன்னூர்ச் சுவர்கள் காய்ந்துதான் இருக்கும், ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அவற்றின் உண்மை நிலை தெரியவரும். ஆகவே ஒப்படைக்கும் நாளில் எடுக்கும் படங்களோடு நிறுத்திவிடாமல், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிட்டுச் சென்று, அதே சுவர்களை அதே இடங்களில் நின்று மறுபடியும் எடுத்துக்கொள்ளுங்கள். கறையின் வடிவம் பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். ஓடு ஒழுகினால் மேலிருந்து பழுப்புக் கோடுகள் இறங்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுவரடியில் உப்புப் பூத்து நிற்கும். சன்னல்களைச் சாத்திவைத்து ஈரத்துணிகளை உள்ளேயே உலர்த்தினால், அலமாரிக்குப் பின்னாலும் மூலைகளிலும் கரும்புள்ளிகள் தோன்றும். முதல் இரண்டும் உங்கள் பொறுப்பு. மூன்றாவதிலும், அறைக்குக் காற்றோட்டமே இல்லையென்றால், குடியிருப்பவரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது.

விரிசல் இருந்தால் அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதிய பிறகு படமெடுங்கள். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கிவிடும், எடுத்த தேதி முதலிய விவரங்களும் அதில் தங்காது என்பதால், மூலக்கோப்புகளை அழிக்காதீர்கள். மின்மீட்டர் அளவு, சாவிகளின் எண்ணிக்கை, கீசரின் நிலை ஆகியவற்றோடு ஏற்கெனவே உள்ள குறைகளையும் மறைக்காமல் எழுதி, இரு படிகளில் இருவரும் கையெழுத்திடுங்கள். குறைகளை ஒப்புக்கொள்ளும் பட்டியலைத்தான் பிறகு எவரும் நம்புவார்கள்.

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாத வரை, கட்டுமானப் பழுதும் வெள்ளையடிப்பும் உரிமையாளரைச் சேரும். குழாய் வாஷர், சுவிட்ச், சன்னல் கண்ணாடி போன்றவை வாடகைதாரரைச் சேரும். காலி செய்த ஒரு மாதத்துக்குள், உரிய கழிவு போக அட்வான்ஸைத் திருப்பித் தரவும் வேண்டும். உங்கள் கையில் மார்ச் மாதப் படங்கள் மட்டுமே இருக்கும் நிலையில், பூஞ்சைக்காகப் பிடித்துவைத்த தொகையைக் கொடுத்துவிட்டு, முதலில் ஓட்டைப் பிரித்துப் பாருங்கள்.