ஏழு மணியானாலும் பிள்ளையைக் கூட்டிப்போக வருவதில்லை!

எனக்கு 57 வயது. மேடவாக்கத்தில் எங்கள் வீட்டிலேயே நான்கு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். ஆறு வருடமாக இதுதான் என் வருமானம். இப்போது இரண்டரை வயதுப் பையன் ஒருவனின் பெற்றோரால் நிம்மதியே போய்விட்டது. இருவருக்கும் ஓஎம்ஆரில் ஐடி வேலை. ஆறரைக்கு வரவேண்டியவர்கள் ஏழேகாலுக்கு வந்து, "டிராஃபிக் ஆன்ட்டி" என்பார்கள். ஐந்தாம் தேதி தரவேண்டிய 7,000 ரூபாய், நான் வாய்விட்டுக் கேட்ட பிறகு பன்னிரண்டாம் தேதி ஜிபேயில் வரும். மாற்றுத்துணி இரண்டு செட் கேட்டால் ஒன்றுதான் வரும்.

பையனும் படு சுட்டி. போன மாதம் ஒருநாள் மதியம் எனக்குச் சுகர் இறங்கி கூடத்திலேயே சாய்ந்துவிட்டேன். ஐந்து நிமிடம் இருக்கும். மற்ற மூன்றும் தூக்கம். இவன் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து என் புடவையை இழுத்துக்கொண்டிருந்தான். இப்போது தினமும் தரையில் படுத்துக் கண்ணை மூடி, "பாட்டி தொப்" என்று விளையாடுகிறான். அதை விடுங்கள். நேற்று ஏழரை ஆகிவிட்டது. எனக்கும் வீடு வாசல் இல்லையா? அடுத்த மாதத்திலிருந்து வேண்டாம் என்று அவர்கள் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள அம்மா,

"அதை விடுங்கள்" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

தாமதமும் பணமும் எரிச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் அவை போன மாதம் தொடங்கியவை அல்லவே? இத்தனை நாள் பொறுத்தவர் இப்போது ஏன் நிறுத்த நினைக்கிறீர்கள்? நீங்கள் விழுந்ததைப் பார்த்தவன் அவன் ஒருவன்தான். அவன் தன் வீட்டுக் கூடத்திலும் "பாட்டி தொப்" என்று படுத்துக் காட்டுவானோ என்ற பயத்தில்தான் உங்களுக்கு அந்த ஏழேகால் இவ்வளவு நீளமாகத் தெரிகிறது.

ஐந்து நிமிடம் என்கிறீர்கள். கடிகாரம் பார்த்துக்கொண்டா சாய்ந்தீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த ஒரு விஷயத்தில் நான் அந்தப் பெற்றோர் பக்கம். அவர்கள் தாமதமாக வருவது உங்களுக்குத் தெரியும். அன்று நடந்தது அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் பிள்ளையை அனுப்ப மாட்டார்களோ என்று, அவர்கள் நிறுத்துவதற்குள் நீங்களே முந்திக்கொள்ளப் பார்க்கிறீர்கள். அவனை அனுப்பிவிட்டாலும் வீட்டில் மூன்று பிள்ளைகள் மிச்சம். சுகருக்கு அது தெரியுமா?

ஆறு வருடம் அடுத்தவர் பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் சோறூட்டியவர் நீங்கள். அன்று நீங்கள் எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று கடிதத்தில் இல்லை. சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இப்படித்தான் இறங்கும். 70-க்குக் கீழே போனாலே ஆபத்து. கை நடுங்கி வியர்த்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயக்கமே வந்தது என்பதால் டாக்டரிடம் இந்த வாரமே போகவேண்டும். அவர் மாத்திரையைச் சரிபார்த்துச் சொல்லும்வரை பிள்ளைகளோடு தனியாக இருக்காதீர்கள். ஆள் கிடைக்காவிட்டால் விடுமுறை விடுங்கள்.

நான்கு வீட்டுக்கும் நடந்ததைச் சொல்லுங்கள். ஓரிருவர் பிள்ளையை நிறுத்தலாம், அது அவர்கள் உரிமை. பையனின் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள். ஏழேகால் கணக்கை அதற்கு அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம்.