அந்த அக்கா கேட்ட பி.எஃப். கணக்கு

அன்புள்ள ஐயா,

நான் சமூகவியல் ஆய்வு மாணவன். எங்கள் நகராட்சியின் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்காக நண்பர்களோடு சேர்ந்து துண்டறிக்கை போட்டோம். ‘நவதாராளவாதக் கட்டமைப்பில் உழைப்பின் விளிம்புநிலையாக்கம்’ என்பது தலைப்பு. வாங்கிப் படித்த ஓர் அக்கா, “எங்க சம்பளத்துல பி.எஃப். பிடிச்சாங்களே, அது எங்க போச்சுன்னு இதுல போட்டிருக்கா தம்பி?” என்றார். போடவில்லை. அன்றிலிருந்து குழுவுக்குள் சண்டை. அவர் கேட்டபடி எழுதினால் இது வெறும் சம்பளத் தகராறாகச் சுருங்கிவிடும் என்கிறார்கள் சிலர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

அந்த அக்காவுக்குக் கடினச் சொற்களால் தலை சுற்றியது என்று நினைத்துவிடாதீர்கள். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., டெண்டர், காண்ட்ராக்ட் எல்லாம் அவர் நாவில் புழங்குபவைதான். தன் காசு மாட்டிக்கொண்டிருக்கும் இடத்தின் பெயரை யாரும் கற்றுக்கொள்வார்கள். உங்கள் தலைப்பில் கட்டமைப்பு இருக்கிறது, விளிம்புநிலையாக்கம் நடக்கிறது. பணத்தைப் பிடித்தவனைத்தான் காணோம். ஆய்வேட்டில் அது செல்லும், ஆட்சேபிக்க யாருமில்லை. போராடப் போகிறவருக்கு யார் வாசலில் போய் நிற்பது என்று தெரிய வேண்டுமே.

சம்பளத் தகராறு என்று உங்கள் நண்பர்கள் இளக்காரமாகச் சொல்கிறார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அப்படித்தான் பிறந்தது. ராஜஸ்தானில் 1990இல் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராமத்து உழைப்பாளிகளோடு சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். (அருணா ராய் சென்னையில் பிறந்தவர், ஐ.ஏ.எஸ். வேலையை விட்டவர்.) அரசு நடத்தும் கூலி வேலைகளில் குறைந்தபட்சக் கூலியே கைக்கு வராததுதான் பிரச்சினை. கேட்டால், நீ அவ்வளவு வேலை செய்யவில்லை, பதிவேடு சொல்கிறது என்பார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால் அது அரசு ரகசியம். ஆக, சண்டை பதிவேட்டின் மேல் திரும்பியது. 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்து கோட் கிரானாவில் முதல் பொது விசாரணை. இத்தகைய விசாரணைகளில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டையும் பில்லையும் ஊர் நடுவே உரக்க வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர் பெயரில் கூலி, செத்துப்போனவர் பெயரில் கூலி, முடியாத கட்டடத்துக்கு முடிந்ததாகக் கணக்கு. ஊழலின் அரசியல் பொருளாதாரத்தை அங்கே யாரும் விளக்கத் தேவைப்படவில்லை.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. கிராமத்து ஆட்கள் தானியம் கொண்டுவந்தார்கள், நகரத்து வியாபாரிகளும் உதவினார்கள். ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்ற முழக்கத்தில் கடைக்காரரும் தன்னைச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. சங்கர் சிங் பாட்டும் பொம்மலாட்டமுமாகக் கூட்டத்தைச் சிரிக்க வைத்தபடியே விஷயத்தைச் சொல்வார். நம் ஆய்வாளர்கள் சிரிப்பு என்றாலே ஏனோ பதறுகிறார்கள்.

கோட்பாடு வீண் என்று சொல்ல வரவில்லை. அரசு அலுவல்களை அறிய மக்களுக்கு உரிமை உண்டு என்று ராஜ் நாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975லேயே சொல்லியிருந்தது. இருபது வருடம் அது சட்டப் புத்தகத்துக்குள் கிடந்தது. பியாவருக்குப் பிறகு மசோதா எழுத வேண்டி வந்தபோது அதே சட்ட மொழி தேவைப்பட்டது. நீதிபதி சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகை கவுன்சில் அதில் உதவியது. 2005இல் தேசியச் சட்டம் வந்தது. தமிழ்நாடு 1997லேயே இப்படியொரு சட்டம் போட்டுவிட்டது. ஆனால் விதிவிலக்குகள் மலிந்த சட்டம், கிராமங்களிலிருந்து கிளம்பியதும் இல்லை.

இப்போது உங்கள் துண்டறிக்கை. நவதாராளவாதம் ஆய்வேட்டிலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு வேலை உண்டு. கூலிச் சீட்டில் பிடித்த தொகையையும் பி.எஃப். பாஸ்புக்கில் ஏறிய தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். பணியாளரின் பெயரை மறைத்துவிடுங்கள், வேலை போய்விடும். ஒப்பந்தக்காரர் கட்டாவிட்டால் வேலைக்கு அமர்த்திய முதன்மை நிறுவனமே பொறுப்பு என்று பி.எஃப். திட்ட விதி சொல்கிறது. அதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். ஒப்பந்தக்காரர் கட்டியதாகக் காட்டும் சலான்களின் நகலை நகராட்சியிடம் தகவல் உரிமை மனு போட்டு வாங்குங்கள். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். சலான் வந்ததும் பணியாளர்கள் கூடும் இடத்தில் வாசியுங்கள். வாசிப்பது அந்த அக்காவாக இருந்தால் இன்னும் நல்லது.