வேறு வைத்ததா, பாகம் பிரிந்ததா? பிரெக்ஸிட் கேள்வி பதில்

காரைக்குடியில் ஒரு கல்யாண வீட்டில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது சரியா தவறா என்று ஒருவர் ஆரம்பித்தார். பந்தி முடிந்து வெற்றிலை போட்ட பிறகும் பேச்சு ஓயவில்லை. "பொருளாதாரப் பாடம் நடத்தினவர்தானே, நீங்களே சொல்லுங்கள்" என்று கேள்விகளை எழுதியே அனுப்பிவிட்டார்கள். வந்த வரிசையில் பதில்.

தேவகோட்டை, கல்லூரி மாணவி: சார், நடந்தது என்னன்னு சுருக்கமா சொல்லுங்களேன்.

1973 ஜனவரி 1 அன்று பிரிட்டன் உள்ளே போனது. 1975-ல் இருப்போமா என்று மக்களிடம் கேட்டார்கள். 67 சதவீதம் பேர் இருப்போம் என்றார்கள். 2016 ஜூன் 23 அன்று மறுபடி கேட்டார்கள், 51.9-க்கு 48.1 என்று வெளியேறச் சொன்னார்கள். 2020 ஜனவரி 31 அன்று வெளியே வந்தார்கள். நடுவில் மூன்றரை வருடம் என்ன செய்தார்கள் என்பதுதான் கதையே.

பள்ளத்தூர் ஆச்சி: பங்காளிகள் பிரியிற மாதிரிதானே தம்பி? அதுக்கு ஏன் இவ்வளவு நாளு?

நல்ல இடத்தில் கை வைத்தீர்கள் ஆச்சி. நம் பக்கத்தில் மகனுக்குக் கல்யாணமானால் வேறு வைப்போம். அரிசி, பருப்பு, பாத்திரம் கொடுத்துத் தனி அடுப்பு. ஆனால் வீடு ஒன்று, முகப்பு ஒன்று, கிணறு ஒன்று. பாகம் பிரிப்பது வேறு சங்கதி. அதற்குப் பத்திரம் வேண்டும், அளவு வேண்டும், நாலு பெரியவர்கள் உட்கார வேண்டும்.

நார்வே இருப்பது வேறு வைத்த மாதிரி. ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் சரக்கும் ஆளும் தடையில்லாமல் போய்வரும் ஒரே சந்தைக்குள் இருக்கிறது. பணமும் கட்டுகிறது, ஐரோப்பியர் வந்து வேலை பார்க்கவும் விடுகிறது, சட்டம் போடும்போது மட்டும் ஓட்டு இல்லை. துருக்கிக்குச் சுங்க ஒப்பந்தம் மட்டும். கனடாவுக்கு வெறும் வியாபார ஒப்பந்தம். இதில் எது என்று 2016 ஓட்டுச் சீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. இருக்கவா, போகவா, அவ்வளவுதான். போகலாம் என்று குத்தியவர்கள் ஆளுக்கொரு வீட்டை மனதில் வைத்துக் குத்தினார்கள். அப்போதைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த ஒப்பந்தத்தை 2019 ஜனவரியில் நாடாளுமன்றம் 432-க்கு 202 என்று தள்ளியது. தள்ளியவர்களில் சிலர் 'இது ரொம்ப ஒட்டுகிறது' என்றார்கள், வேறு சிலர் 'ரொம்ப விலகுகிறது' என்றார்கள். அவர்கள் போனதை நான் குறை சொல்லவில்லை. எந்த வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதாமல் கையெழுத்துக் கேட்டதைத்தான் சொல்கிறேன்.

புதுவயல், அரிசி ஆலை: போகணும்னவங்க பக்கம் நியாயமே இல்லையா? நீங்க ஒரு பக்கமாத்தான் பேசுவீங்கன்னு தெரியும்.

இருக்கிறது அண்ணே, நிறையவே இருக்கிறது. நம் சட்டத்துக்கு மேலே இன்னொரு சட்டம், நம் கோர்ட்டுக்கு மேலே இன்னொரு கோர்ட். அந்தச் சட்டத்தை முன்மொழியும் ஐரோப்பிய ஆணையத்தை மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு இறக்கவும் முடியாது. இந்த வாதத்துக்கு லாப நஷ்டக் கணக்கால் பதில் சொல்ல முடியாது. 'வருமானம் குறைந்தாலும் என் வீட்டுச் சாவி என் இடுப்பில் இருக்கட்டும்' என்பவரிடம் சதவீதம் பேசி என்ன பயன்?

குடியேற்றமும் கற்பனை இல்லை. 2004-ல் பத்து நாடுகள் சேர்ந்தபோது உடனே கதவைத் திறந்துவிட்டவை பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றுதான். எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் வந்தார்கள். கிரீன்லாந்துகூட மீன்பிடி உரிமைக்காக 1985-லேயே வெளியே வந்ததுதான்.

ஆனால் ஒன்றியத்துக்கு வாரம் 35 கோடி பவுண்டு அனுப்புகிறோம் என்று பஸ்ஸில் எழுதிக்கொண்டு திரிந்தார்களே, அது தப்பு. பிரதமராக இருந்த தாட்சர் 1984-ல் வாதாடி வாங்கிய தள்ளுபடியைக் கழித்துவிட்டுத்தான் பணமே போகும். பற்றை மட்டும் காட்டி வரவை மறைத்த பேரேடு அது. நம் ஊரில் எந்தக் கடையிலும் அப்படி எழுதிய கணக்குப்பிள்ளை மறுநாள் இருக்கமாட்டார்.

ஆத்தங்குடி, டைல்ஸ் பட்டறை: வரியே இல்லைங்கிறாங்க. அப்புறம் எதுல நஷ்டம்?

தாளில். 2020 டிசம்பர் 24 அன்று முடிந்த ஒப்பந்தப்படி சரக்குக்கு வரி கிடையாது. ஆனால் அந்தச் சலுகை அங்கேயே உற்பத்தியான சரக்குக்குத்தான். நீங்கள் கண்ணாடி மேல் நிறத்தை ஊற்றிக் கல் வார்க்கிறீர்கள். நிறப்பொடி எந்த நாடு, சிமெண்ட் எந்த நாடு என்று ஒவ்வொரு லோடுக்கும் காகிதம் கேட்டால் என்ன செய்வீர்கள்? பெரிய கம்பெனி அதற்கென்று ஓர் ஆளைப் போடும். உங்கள் மாதிரிப் பட்டறைக்காரர் 'அந்த ஆர்டரே வேண்டாம்' என்பார். பாலாடைக்கட்டி, இறைச்சி அனுப்புகிறவர்களுக்குக் கால்நடை மருத்துவர் சான்றிதழும் சேர்த்து. நீண்ட கால உற்பத்தித் திறன் 4 சதவீதம் குறையும் என்று அவர்கள் நாட்டு பட்ஜெட் மதிப்பீட்டு அலுவலகமே கணித்திருக்கிறது.

கானாடுகாத்தான்: அயர்லாந்து விவகாரம் புரியவே இல்லை.

உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். பங்காளிச் சண்டையில் வளவு முற்றத்துக்கு நடுவே செங்கல் சுவர் எழுப்பியிருப்பார்கள். இந்தப் பக்கத்துத் தாழ்வாரத் தண்ணீர் அந்தப் பக்கம் விழும். தூண் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. அயர்லாந்து அப்படி ஒரு முற்றம். தெற்கே தனி நாடு, ஒன்றியத்தில் இருக்கிறது. வடக்கே பிரிட்டனின் பகுதி. முப்பது வருட ரத்தம் 1998 உடன்படிக்கையோடு ஓய்ந்து, எல்லையில் சோதனைச் சாவடியே இல்லாமல் ஆனது. மறுபடி அங்கே சுவர் வைக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. சுவர் இல்லாமலும் முடியாது. கடைசியில் பிரிட்டனுக்கும் வட அயர்லாந்துக்கும் நடுவே கடலில் வைத்தார்கள், அதாவது சொந்த வீட்டுக்குள்ளேயே. 2023-ல் அதைக் கொஞ்சம் இடித்து வழிவிட்டார்கள்.

கோட்டையூர்: மகன் லண்டனில் ஐ.டி. வேலை. ஐரோப்பியரை நிறுத்தினது நமக்கு லாபம்தானே?

கொஞ்ச காலம் லாபம்தான். 2021-லிருந்து ஐரோப்பியருக்கும் நமக்கும் ஒரே புள்ளி முறை, அதாவது வேலை, சம்பளம் பார்த்து மதிப்பெண் போட்டு விசா. ஆள் வரத்துக் குறையும் என்று ஓட்டுப் போட்டவர்கள், 2023 ஜூன் வரையான ஒரு வருடத்தில் நிகர வரத்து, அதாவது வந்தவர்களில் போனவர்களைக் கழித்தது, 9 லட்சத்தைத் தாண்டியதைப் பார்த்தார்கள். அந்தக் கோபத்தில் இப்போது சம்பள வரம்பை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். விசா புதுப்பிக்கும் தேதியை மகனைக் குறித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

காரைக்குடி: சிங்கப்பூர் பிரிஞ்சு நல்லாத்தானே இருக்கு?

1965-ல் அது தானாகப் பிரியவில்லை, மலேசியா வெளியே அனுப்பியது. குடிதண்ணீர் ஒப்பந்தத்தை மட்டும் பிரியும்போதே உறுதி செய்துகொண்டார்கள். அதைக் கவனியுங்கள்.

நாட்டரசன்கோட்டை: எங்க ஐயா ரங்கூனில் கடை வச்சிருந்தவர். பர்மா பிரிஞ்சதும் இதே கதைதானா?

இந்தக் கேள்வி எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அங்கேயும் இரண்டு கட்சி. 'எங்கள் வருமானம் டெல்லிக்குப் போகிறது, இந்தியர் வந்து குவிகிறார்கள்' என்று ஒரு பக்கம். 'பிரிந்தால் இந்தியாவுக்குக் கிடைக்கும் சீர்திருத்தம் நமக்குக் கிடைக்காது' என்று மறுபக்கம். 1932 தேர்தலில் பிரிவினையை எதிர்த்தவர்கள் ஜெயித்தார்கள். ஆனாலும் பிரித்தார்கள். பிரித்தபோது வியாபாரத்தைச் சில வருடம் பழையபடி விட்டார்கள். நோட்டு அச்சடிப்பதும் ரிசர்வ் வங்கியே. வேறு வைத்தது மாதிரிதான்.

அங்கே வட்டிக்குக் கொடுத்துவந்த நம் செட்டியார்கள் நொடித்ததற்குப் பிரிவினை மட்டும் காரணம் என்று சொல்லக்கூடாது. 1930-ல் நெல் விலை விழுந்தது. அவர்களிடம் கடன் வாங்கியவர்கள் கட்ட முடியாமல் நிலத்தை விட்டார்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீத நிலம் வைத்திருந்த செட்டியார்கள் 1938-க்குள் 25 சதவீதத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள். கேட்டு வாங்கிய நிலம் இல்லை. ஆனால் பர்மியர் கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும்? பிறகு ஜப்பான் குண்டு, பிறகு நில தேசியமயச் சட்டம்.

எங்கள் வீட்டு மச்சில் ஒரு பேரேடு கிடக்கிறது. 1941 வரை ஐயா கையெழுத்தில் வட்டி வரவு. அதற்குப் பிறகு கோடு போட்ட வெற்றுத் தாள்கள். வீணாகப் போவானேன் என்று அப்பச்சி அதில்தான் மோர்க்கணக்கு எழுதினார்கள்.